அப்பா எதற்கு நடக்கிறார்

குஸ்கோ, பெரு நாடு
10.2.1991

அன்பு மகள் மெர்சிக்கு அப்பா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி நீ மீனம்பாக்கத்தில் வந்து நின்றிருப்பாய். கப்பலில் கூட இருந்த மற்றவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். அந்த விமானத்தில் நான் ஏறவில்லை. முன்னாலேயே தந்தி கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நீ ‘வாருங்கள்’ என்று பதில் அடிப்பாய், நானும் வந்துவிடுவேன் என்று பயந்து கொடுக்கவில்லை.

கய்யாவோ துறைமுகத்தில் கப்பலை வேறு கம்பெனிக்கு விற்று, எங்கள் ஒன்பது பேரையும் இறக்கிவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. இனி எந்தக் கப்பலும் என்னை ஃபிட்டர் வேலைக்கு எடுக்காது. முப்பத்திரண்டு வருஷம் உலகத்தைச் சுற்றியவன் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் சுற்றியது என்ஜின் ரூமை.

இந்தக் கரையோரமாகப் பன்னிரண்டு தடவை போயிருக்கிறேன். தெற்கே சிலி நாட்டுப் பக்கம் விடியற்காலையில் டெக்கில் வந்து நின்றால், கிழக்கே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். மேகம் என்று நினைத்திருந்தேன். ஆண்டிஸ் மலையின் பனி என்று செகண்ட் ஆபீசர் சொன்னார். துறைமுக கேட்டைத் தாண்டி ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. இந்த ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன்.

இப்போது மழைக்காலம். ஒரு லேத் பட்டறையில் வேலை செய்து கொடுக்கிறேன், பின்பக்கத்து அறையில் இருக்க விட்டிருக்கிறார்கள். மே மாதம் மழை நின்றதும் நடக்கத் தொடங்குவேன். கப்பல் கான்வாஸ் பையில் இரண்டு பட்டை தைத்து முதுகில் மாட்டுகிற மாதிரி செய்துகொண்டேன். நாட்டில் காலரா பரவியிருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன். பயப்படாதே.

கிறிஸ்துமஸுக்கு முன் வந்துவிடுவேன். குஸ்கோ போஸ்டாபீஸ் என்று மட்டும் எழுது. வைத்திருந்து கொடுப்பார்கள்.

அப்பா
யாக்கோபு


மொளச்சூர், சுங்குவார்சத்திரம் வழி
12.3.1991

அப்பாவுக்கு மெர்சி எழுதிக்கொண்டது.

‘அன்புள்ள’ என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. மன்னிக்கவும்.

விமான நிலையத்துக்குப் போக லீவு கேட்டபோது சூப்பர்வைசர், “இன்னாத்துக்குமா லீவு?” என்றார். “எங்கப்பா வர்றாரு சார். இனிமே போவமாட்டாரு” என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கிற அத்தனை பெண்களும் கேட்டார்கள். ஒருத்தி எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவர்களிடம் என்னவென்று சொல்லியிருப்பேன், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அங்கே மூன்று மணி நேரம் நின்றேன். கடைசியாக உங்கள் கூட்டாளி தாண்டவராயன் வந்தார். கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கம்பளி. “ஒரு வேலையா அங்க தங்கிட்டாரும்மா” என்றார். என்ன வேலை என்று கேட்டேன். “மலை பார்க்கணுமாம்” என்றார். சொல்வதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது, பாவம். நான் கேட்பதற்கும்.

பஸ் ஸ்டாப்பில் டீக்கடை முனிரத்தினம் அண்ணன் தினமும் கேட்கிறார். “இன்னா மெர்சி, அப்பா வந்துட்டாரா?” மலை ஏறப் போயிருக்கிறார் என்று சொன்னேன். “மலையா? நம்ம வல்லக்கோட்டையில முருகனே மலை வாணாம்னு தரையில உக்காந்துகினு கீறாரு. உங்கப்பாவுக்கு இன்னாத்துக்கு?” என்று கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

நான் பிறந்த இருபத்தெட்டு வருஷத்தில் நீங்கள் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து வருஷம்கூடத் தேறாது. நான் அதைக் குறை சொன்னதில்லை. பிழைப்பு அப்படி என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் அம்மா சீரியஸாகக் கிடந்தபோது தந்தி கொடுத்தேன். கேப்டன் விடவில்லை என்று எழுதினீர்கள். நம்பினேன். இப்போது கப்பலும் இல்லை, கேப்டனும் இல்லை. இப்போது உங்களை விடாதது யார்?

மெர்சி

கம்பளி நன்றாக இருக்கிறது. இந்த ஊர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.


குஸ்கோ
20.4.1991

அன்பு மகள் மெர்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். தாண்டவராயனைக் கூச்சப்பட வைத்ததும், உன்னைக் கடையில் சிரிக்க வைத்ததும் என் தப்பு.

மழை குறைந்துவிட்டது. பழகிக்கொள்வதற்காகப் பக்கத்து மலைகளில் இரண்டு நாள், மூன்று நாள் என்று நடக்கிறேன். முதல் வாரம் இருபது அடி ஏறினால் நிற்க வேண்டியிருந்தது. மூச்சு கிடைக்கவில்லை, தலைவலி மண்டையைப் பிளந்தது. இங்குள்ளவர்கள் ஒரு இலையை வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுக்கிறார்கள். வெற்றிலை போடுவது போலத்தான், சுண்ணாம்புக்குப் பதில் ஒரு சாம்பல் உருண்டை. நாக்கு மரத்துப்போகும், தலைவலி நிற்கும்.

மலையில் பாதி வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மூட்டையைச் சுமந்துகொண்டு நாடு நாடாக நடக்கிறார்கள். என்னைப் பார்த்தால் அவர்களுக்கு வேடிக்கை. ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரி, நர்ஸ், உன் வயதுதான் இருக்கும். இரண்டு நாள் ஒன்றாக நடந்தோம். பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு மகள் என்றேன். “எப்படிப்பட்டவள்?” என்றாள்.

நான் யோசித்தேன். நட்டு போல்ட்டு கம்பெனியில் வேலை செய்கிறாள் என்றேன். அவள் கேட்டது அதையல்ல. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்றேன். அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மெர்சி. உனக்குக் கோபம் எப்படி வரும், எதைப் பார்த்தால் சிரிப்பாய், எதுவும் தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் கோபம் எப்படி வரும் என்று தெரிந்தது.

மே பதினெட்டு வாக்கில் அவுசங்காத்தே என்ற பனிமலையைச் சுற்றி நடக்கப் போகிறேன். ஐந்தாறு நாள் ஆகும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா


குஸ்கோ
1.6.1991

என் மகளே மெர்சி,

உன் தந்தி நேற்றுக் கிடைத்தது. ‘சுகம். மெர்சி.’ போஸ்டாபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு போலீஸ்காரர் வந்து எழுப்பிவிடும் வரை எழுந்திருக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மலையைச் சுற்றி நடந்த ஆறாம் நாள் பாச்சாந்தா என்ற சின்ன ஊருக்கு இறங்கினேன். ஏழெட்டு வீடு. ஒரு வீட்டில் உருளைக்கிழங்கு அவித்துத் தந்தார்கள். பாட்டரி ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது துறைமுகத்து ஸ்பானிஷ். செய்தி படித்தவர் ஒரு ஊர்ப் பெயரில் தடுக்கித் தடுக்கி விழுந்தார். இரண்டாம் முறை சொன்னபோது கிழங்கை வைத்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் போனேன். ஸ்ரீபெரும்புதூர். தேர்தல் கூட்டத்தில் குண்டு. தலைவரோடு நிறையப் பேர் செத்துப்போனார்கள், மூன்று நாள் முன்பு.

அந்த வீட்டம்மாவிடம் அது என் ஊர் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என் மகள், என் மகள் என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன். உடனே தன் புருஷனைக் கூப்பிட்டுக் குறுக்குவழி காட்ட அனுப்பினாள்.

இறங்கும் வழியெல்லாம் யோசித்தது ஒன்றுதான். உன் கம்பெனி பஸ் எந்த ரோட்டில் வரும்? எத்தனை மணிக்கு? கூட்டம் வேடிக்கை பார்க்கப் போகிற பெண்ணா நீ? எனக்கு எதுவும் தெரியவில்லை. ரோட்டுக்கு வந்து, லாரி பிடித்து, குஸ்கோ வந்து தந்தி அடித்தேன். பிறகு நான்கு நாள் அந்தப் போஸ்டாபீஸ் பெஞ்சிலேயே இருந்தேன். பதில் வராவிட்டால் என்ன என்று நினைக்கும்போதெல்லாம், பதில் சொல்லாமல் விட்டது நான்தான் என்பது நினைவுக்கு வந்தது.

சொல்லிவிடுகிறேன். அம்மா சீரியஸாகக் கிடந்தபோது நீ கொடுத்த தந்தி மொம்பாசாவில் கிடைத்தது. கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். “நாளை நைரோபியிலிருந்து பம்பாய்க்கு விமானம் இருக்கிறது. ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். போகிறாயா?” என்றார். நான் பம்ப் கழற்றிப் போட்டிருக்கிறது, முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். “பம்பை வேறு ஆள் மாட்டுவான்” என்றார். இதற்கு முன் இரண்டு தடவை இப்படித் தந்தி வந்து அவள் பிழைத்துக்கொண்டாள், இந்தத் தடவையும் பிழைத்துக்கொள்வாள் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

ஆறு நாள் கழித்து, அவள் போய்விட்டாள் என்று அடுத்த தந்தி வந்தது. கேப்டன் விடவில்லை என்று உனக்கு எழுதினேன்.

பம்ப் காரணமில்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் வருவேன். உன் அம்மாவுக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று உனக்குத் தெரியும். எனக்குத் தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்தக் கட்டில் பக்கத்தில் போய் எப்படி உட்காருவேன், என்ன பேசுவேன் என்று பயந்தேன். சாகப் போகிறவளைப் பார்த்துப் பயந்தேன் என்பதைவிட, அவள் என்னைப் பார்ப்பாள் என்று பயந்தேன். இவ்வளவுதான். ஜனவரியில் விமானம் ஏறாததும் அதே பயம்தான்.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை.

அப்பா


மொளச்சூர்
4.6.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அந்த நாள் எனக்கு ஜெனரல் ஷிப்ட். ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட்டத்துக்குப் போகவில்லை. நடந்ததை நீங்கள் ரேடியோவிலேயே கேட்டிருப்பீர்கள். நான் எழுதப் போவதில்லை. இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. எங்கள் லைனில் ஒருவரும் சத்தமாகப் பேசுவதில்லை.

‘உயிரோடு இருந்தால் உடனே தந்தி அடி’ என்று நீங்கள் கொடுத்த தந்தியைப் போஸ்ட்மேன் என் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அந்தத் தந்தியால் வேறொன்று நடந்தது. பெருவிலிருந்து ஒரு தந்தி, அதற்கு முன் இரண்டு கடிதம் என்று விசாரிக்க மூன்றாம் நாள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். சாதாரண உடைதான். பெரியவர் நரைத்த தலை, மரியாதையாகப் பேசினார்.

“உங்கப்பா அங்க என்னம்மா பண்றாரு?”

“நடக்கிறாரு சார்.”

“நடக்கிறாரா?”

“மலையில, சார்.”

“யாராவது அனுப்பினாங்களா? சம்பளமா?”

“இல்ல சார். அவரே போனாரு.”

“எதுக்கு நடக்கிறாரு?”

என் கோபத்தை அவரிடம் சொல்ல முடியுமா? “மலை பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை சார். கப்பல்ல இருந்தப்ப தூரத்துல இருந்து பார்த்துக்கினே இருந்தாரு. இப்பதான் பக்கத்துல போயிருக்காரு. நல்ல மனுஷன் சார்” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். அவர் நோட்டில் ‘நடக்கிறார்’ என்று எழுதி, பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

உங்கள் பழைய கடிதங்களைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி வருவதையும் கொஞ்ச நாள் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். ஆகையால் அப்பா, அடுத்தவர் படிக்கக் கூடாத எதையும் இப்போதைக்கு எழுத வேண்டாம். மலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

மெர்சி


குஸ்கோ
8.7.1991

மெர்சிக்கு,

உன் கடிதம் இன்று கிடைத்தது. நீ எழுத வேண்டாம் என்று சொன்னதை நீ அதை எழுதுவதற்கு மூன்று நாள் முன்பே எழுதிப் போட்டுவிட்டேன். இந்நேரம் யாரோ படித்திருப்பார்கள். உன் கைக்கு வந்ததோ இல்லையோ தெரியவில்லை.

என்னை நல்ல மனுஷன் என்று அவரிடம் சொன்னாய். பிறகு அவர் என் கடிதத்தைப் பிரித்திருப்பார்.

நாளை பஸ்ஸில் பொலிவியா நாட்டுக்குப் போகிறேன். லாபாஸ் போஸ்டாபீஸுக்கு எழுது. எழுதினால்.

அப்பா


லாபாஸ், பொலிவியா
25.8.1991

மெர்சிக்கு,

இங்கே வந்து ஆறு வாரம். ஒவ்வொரு நடை முடிந்து திரும்பும்போதும் போஸ்டாபீஸுக்குப் போகிறேன். கவுண்டரில் இருக்கிற அம்மாள் என் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுகிறாள்.

போன வாரம் ஒரு கணவாய். உச்சியில் கற்களை அடுக்கிக் குவித்திருக்கிறார்கள், போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டுமாம். கூட வந்தவர்கள் எல்லாம் வைத்தார்கள். நான் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டுக் கீழே போட்டுவிட்டேன். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கீழே இறங்கும்போது முழங்கால் வீங்கிக்கொண்டது. இரண்டு நாள் ஒரு ஆட்டுக்காரர் வீட்டில் கிடந்தேன். மலை அழகாகத்தான் இருந்தது. அழகைப் பற்றி உனக்கு எழுத இப்போது எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது.

நீ சுகம் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

அப்பா


மொளச்சூர்
2.9.1991

அப்பாவுக்கு,

உங்கள் ஜூன் ஒன்றாம் தேதிக் கடிதம் ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்ததெல்லாம் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அந்தக் கடிதம் போஸ்ட்மேனிடம் வரவில்லை. விசாரிக்க வந்த பெரியவர் அதை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். செக்யூரிட்டி வந்து கூப்பிட்டதும் கையிலிருந்த போல்ட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே போனேன். ஜீப்பில் அவர் மட்டும்தான் இருந்தார். உறையைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

“படிச்சுட்டோம்மா. எங்க வேலை அப்படி. ஆனா இது எங்களுக்கு எழுதினது இல்ல” என்றார். நான் அங்கேயே பிரிக்கப் போனேன். “இங்க வேணாம். ஷிப்ட் முடியட்டும். வீட்டுக்குப் போய் உக்காந்து படிங்க” என்றார். ஜீப்பில் ஏறியவர் இறங்கி வந்தார். “இனிமே உங்க லெட்டரை யாரும் பிரிக்க மாட்டாங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா, எனக்கு முன்னால் ஒரு வெளி ஆள் தெரிந்துகொண்டார் என்பதில் எனக்கு அவமானம் இல்லை. அவர் முகத்தில் என்மேல் இருந்த பரிவைப் பார்த்து, உள்ளே என்னவோ இருக்கிறது என்று பயந்தேன். அன்று மதியம் மூன்று டப்பா போல்ட்டை அளவு பார்க்காமல் பாஸ் பண்ணிவிட்டேன். திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தந்தி கொடுத்த மறுநாள் அம்மா கேட்டாள், “அவரு வராரா?” உங்களிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. நான், “ஏறிட்டாராம்மா. நாளைக்கு வந்துடுவாரு” என்றேன். பொய். அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. “தலைய வாரி வுடு மெர்சி. இப்படியே பார்த்தா பயந்துடுவாரு” என்றாள். வாரிப் பின்னிவிட்டேன். மறுநாளும் வாரச் சொன்னாள். விமானம் லேட் என்றேன். அதற்கடுத்த நாள் நினைவு தப்பிவிட்டது. பின்னிய தலையோடுதான் போனாள்.

நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பொய்க்காகத்தான் முழங்காலில் நின்றேன். சாகிறவளை ஏமாற்றிவிட்டேன் என்று. இப்போது தெரிகிறது, நான் அதைச் சொன்ன நேரத்தில் விமானத்தில் உங்களுக்கு இடம் இருந்திருக்கிறது. அது பொய்யாக வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் நினைத்திருந்தால் அம்மாவின் தலையைப் பார்த்திருக்கலாம்.

நீங்கள் அவள் பார்ப்பாளே என்று பயந்தீர்கள். அவளோ நீங்கள் பார்த்தால் பயந்துவிடுவீர்களே என்று தலை வாரிக்கொண்டாள். இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, கூடவே அடக்க முடியாத கோபமும் வருகிறது.

இன்னொன்று. பெயர்கூடத் தெரியாத அந்தக் கேப்டனை நான்கு வருஷம் மனதார வெறுத்தேன். ஜெபத்தில்கூட அவர் கெட்டுப்போக வேண்டும் என்று ஒரு முறை கேட்டிருக்கிறேன். அவர் நல்லவராகப் போய்விட்டார். அவருக்காக வைத்திருந்த கோபம் அப்படியே மிச்சம் இருக்கிறது. நீங்கள் மலைமேல் இருக்கிறீர்கள். ஒரு மாதம் போய்ச் சேருகிற கடிதத்தில் எவ்வளவு கோபப்பட முடியும்? எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஷிப்டுக்கு நேரமாகிவிடுகிறது.

கோபப்படுவதற்காவது நீங்கள் இங்கே வேண்டும். வாருங்கள்.

மெர்சி


லாபாஸ்
30.9.1991

அன்பு மகள் மெர்சிக்கு,

கவுண்டர் அம்மாள் இன்று தலையை ஆட்டவில்லை. கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எனக்கு வழி விட்டார்கள்.

தலை வாரிய செய்தியைப் படித்துவிட்டு நகரத்துக்கு மேலே ஒரு மேட்டில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதைப் பற்றிக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி எனக்கு வசதியாகப் போய்விடும். நேரில் சொல்கிறேன், சொல்ல வராவிட்டால் நீ திட்டு.

அந்தப் பெரியவர் போட்ட கேள்விக்குறிக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசைப்பட்டுத்தான் வந்தேன், அது பொய்யில்லை. அவுசங்காத்தேயில் ஒரு காலை பனி முழுவதும் ரோஜா நிறமாக மாறியபோது, இதைப் பார்க்காமல் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ரேடியோவைக் கேட்டு இறங்கி ஓடிய ஒரு நாள்தான் நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

பையில் தைத்த பட்டைகளைப் பிரித்துவிட்டேன். கய்யாவோ ஏஜெண்ட் எனக்குத் தர வேண்டிய ஊர் டிக்கெட்டை டிசம்பர் முதல் வாரத்துக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்தாம் தேதி காலையில் மெட்ராஸ். நான் வருகிறேன், மெர்சி. நீ நம்ப வேண்டாம். வந்ததும் பார்த்துக்கொள்.

இனி லிமா போஸ்டாபீஸுக்கு எழுது.

அப்பா


மொளச்சூர்
3.11.1991

அப்பாவுக்கு,

விமான நிலையத்துக்கு வர மாட்டேன். ஜனவரியில் ஒரு தடவை வந்து நின்றாயிற்று. பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, எனக்கு வேலை நாள். லீவும் போட மாட்டேன்.

சாவியை முனிரத்தினம் அண்ணனிடம் கொடுத்து வைக்கிறேன். சுங்குவார்சத்திரத்தில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஏதாவது கேட்பார். பதில் சொல்லுங்கள்.

டம்ளர் அடுப்பு மேடைக்கு இடப்பக்கத்து அலமாரியில், மேல் தட்டில் இருக்கும்.

மெர்சி


வீடு
10.12.1991, மதியம்

மெர்சிக்கு,

வந்துவிட்டேன். முனிரத்தினம், “இன்னா யாக்கோபு, மலை அங்கியே கீதா, கூட இட்டாந்துட்டியா?” என்று கேட்டுவிட்டு டீ கொடுத்தார். வழியில் கல்லறைக்குப் போய்விட்டு வந்தேன். புல்லெல்லாம் செதுக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறாய்.

டம்ளர் இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிறேன். நீ வந்ததும் எழுப்பு.

அப்பா


11.12.1991, காலை ஆறரை

அப்பா,

நேற்று ஆறு மணிக்கு வந்தேன். உங்கள் செருப்பைப் பார்த்தேன். பிறகு உங்களைப் பார்த்தேன். இவ்வளவு மெலிந்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. எழுப்ப வேண்டும் என்று குனிந்தேன், என்ன சொல்லி எழுப்புவது என்று தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

நீங்களும் தூங்கவில்லை. தூங்கினால் குறட்டை விடுவீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

இப்போது நிஜமாகவே தூங்குகிறீர்கள், சத்தம் தெருவரை கேட்கிறது. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சோறு பானையில் இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

பதில் எழுதி வைக்காதீர்கள். நான் படிக்க மாட்டேன். கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்கு சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் என்னை இறக்கிவிடும். அங்கே வந்து நில்லுங்கள். வழக்கமாக டவுன் பஸ் பிடித்து வருவேன், இன்றைக்கு வேண்டாம். வீடு வரைக்கும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. நடந்தே வருவோம். நான் திட்டிக்கொண்டே வருவேன்.

மெர்சி